தடுப்பூசி போட்டும் பன்றிகள் சாகின்றன: ஆன்டிபாடி ரிப்போர்ட்டை நம்பி மீதியை விற்கலாமா?

கால்நடை மருத்துவர் பதில்

குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்பை ஒட்டி வெண்பன்றிப் பண்ணை வைத்திருக்கும் ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நெய்வேலியில் ஒப்பந்த வேலை முடிந்தபின் வங்கிக் கடன் வாங்கி, மனைவியின் நகையையும் அடகு வைத்துத் தொடங்கிய பண்ணை. சிறிசும் பெரிசுமாக 46 பன்றிகள். தீவனத்தில் பாதி, புதுச்சேரி ஓட்டல்களிலிருந்து தினம் சாயங்காலம் டாடா ஏஸில் வந்து இறங்கும் மீந்த சாப்பாடு. நான்கு மாதத்துக்கு முன் கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியும் போட்டிருக்கிறார்.

ஒன்பது நாளுக்கு முன் இரண்டு தாய்ப்பன்றிகள் தீனி எடுக்காமல் படுத்தன. கடும் காய்ச்சல். காதும் அடிவயிறும் சிவந்து, பிறகு நீலம் பாய்ந்தது. ஒன்று குட்டி கலைத்தது. இரண்டும் செத்துப்போக, என்ன செய்வதென்று தெரியாமல் இரவோடு இரவாக ஓடையில் தள்ளிவிட்டார். அடுத்தடுத்த கொட்டில்களில் நோய் நகர்ந்து, கடிதம் எழுதிய நாள்வரை மொத்தம் 11 போய்விட்டன. நான்கு படுத்து எழுந்து மறுபடி தின்கின்றன. மீதி 31 பார்வைக்கு நன்றாக இருக்கின்றன.

காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாள் ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டில் இரண்டே வரி: பன்றிக் காய்ச்சல் ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் புரதம்) பாசிட்டிவ், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஆன்டிபாடி நெகட்டிவ். பயோடெக்னாலஜி படிக்கும் மனைவியின் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "ஆப்பிரிக்க வைரஸோட புரதம் உடம்புல இருந்தா ஆன்டிபாடி வந்திருக்கும் மாமா, இல்லன்னா வைரஸே இல்ல" என்று சொல்லியிருக்கிறார். அதன்மேல் தம்பி கேட்கும் கேள்விகள்: தடுப்பூசி ஏன் வேலை செய்யவில்லை? பாதி விலைக்குக் கேட்கும் வியாபாரியிடம் மீதியை விற்றுவிடலாமா? பிழைத்த நான்கையும் இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளலாமா? மருந்து விற்கும் ஒருவர் தருவதாகச் சொல்லும் வெளிநாட்டுத் தடுப்பூசியைப் போடலாமா? அரசுக்குச் சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிட்டுக் கையை விரித்துவிடுவார்களா? பிள்ளைகளுக்கு இது ஒட்டுமா?

தம்பி, விளக்கம் பிறகு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கும்போது அந்த 31 பன்றிகளும் உங்கள் கொட்டிலில்தான் இருக்கின்றன என்றால், ஒன்றைக்கூட வெளியே அனுப்பாதீர்கள். வியாபாரியின் வண்டி உள்ளே வரவும் கூடாது. உங்கள் ரிப்போர்ட் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இல்லை என்று சொல்லவே இல்லை. நீங்கள் தடுப்பூசி போட்ட சாதாரணப் பன்றிக் காய்ச்சல்தான் என்றும் சொல்லவில்லை. பணம் கொடுத்து வாங்கிய அந்தத் தாளில், உங்கள் கேள்விக்கான பதில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டு வரிகளும் உண்மையில் சொல்வது

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு வைரஸ்கள். ஒன்றுக்கொன்று எந்த உறவும் கிடையாது. சாதாரணப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் சின்னது. சுமார் 12,300 எழுத்துள்ள ஓர் ஆர்என்ஏ இழை. செல்லுக்குள் நுழைந்ததும் அந்த இழையிலிருந்து ஒரே நீளமான புரதம் உருவாகும். அதைப் பிறகு 12 துண்டுகளாக நறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை. என்-புரோ என்ற துண்டு, செல் எழுப்ப வேண்டிய இன்டர்ஃபெரான் எச்சரிக்கையை அடக்குகிறது. ஈஆர்என்எஸ் என்பது செல்லிலிருந்து வெளியேயும் கசிந்து, ஆர்என்ஏவை வெட்டி, எதிர்ப்பு கிளம்புவதைத் தடுக்கிறது. ஈ2 வைரஸின் வெளித்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும். பன்றியின் உடம்பு முக்கியமாக அடையாளம் கண்டு, தடுக்கும் சக்தியுள்ள ஆன்டிபாடி உண்டாக்குவது இந்த ஈ2வுக்கு எதிராகத்தான்.

நம் ஊரில் போடுவது, வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. முன்பு முயலில் வளர்த்தார்கள். இப்போது இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய செல் வளர்ப்புத் தடுப்பூசியும் இருக்கிறது. எதுவானாலும் அதிலும் அதே ஈ2 இருக்கிறது. அதனால் நான்கு மாதத்துக்கு முன் ஊசி போட்ட பன்றியின் ரத்தத்தை எடுத்து ஈ2 ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தால், இருக்கும். இருக்கத்தான் வேண்டும்! ரிப்போர்ட்டின் முதல் வரி உங்கள் தடுப்பூசி பிடித்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. நோய் வந்ததற்கு அது சாட்சி இல்லை. ஐரோப்பாவில் மார்க்கர் தடுப்பூசி என்று ஒன்று உண்டு. அதில் பன்றிக் காய்ச்சல் வைரஸின் ஈ2 மட்டும் இருக்கும், ஈஆர்என்எஸ் இருக்காது. ஆகவே ஈஆர்என்எஸ்ஸுக்கு ஆன்டிபாடி இருந்தால் அந்தப் பன்றிக்கு உண்மையிலேயே நோய் தொற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியும். நம்முடைய தடுப்பூசியில் அந்த வசதி இல்லை.

இரண்டாவது வரிதான் ஆபத்தானது. ஆன்டிபாடி என்பது பன்றி தயாரிக்கும் புரதம், வைரஸினுடையது இல்லை. உங்கள் மைத்துனி நன்றாகத்தான் படித்திருக்கிறார். இடையில் இருக்கும் நாள் கணக்கை மட்டும் விட்டுவிட்டார். திருடன் உள்ளே இருக்கும்போதே யாரும் போய்ப் புகார் எழுதிக் கொடுப்பதில்லை. ஆன்டிபாடி அந்தப் புகார் மாதிரி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் தொற்று ஏற்பட்டு ஏழு முதல் பத்து நாள் கழித்துத்தான் ஆன்டிபாடி தலைகாட்டும். கடுமையான வகை என்றால் அதற்குள் பன்றி செத்தே போயிருக்கும். நீங்கள் ரத்தம் எடுத்தது காய்ச்சலின் இரண்டாம் நாள். அன்று அந்தச் சோதனையில் நெகட்டிவ் வராமல் பாசிட்டிவ் வந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

அந்த லேப்மீது கோபப்பட வேண்டாம். கேட்ட சோதனையைச் செய்திருக்கிறார்கள். எந்தச் சோதனை கேட்பது என்று சொல்ல ஒரு கால்நடை மருத்துவர் உங்கள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

வைரஸின் புரதங்கள் அந்த ஒன்பது நாளில் செய்தது

எனக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சந்தேகம்தான் அதிகம். காரணங்களைச் சொல்கிறேன். தடுப்பூசி பிடித்த வளர்ந்த தாய்ப்பன்றிகள் முதலில் விழுந்திருக்கின்றன. சாதாரணக் காய்ச்சல் என்றால், தடுப்பூசி போடாத குட்டிகளில் தொடங்குவதுதான் வழக்கம். நோய் ஒரே நாளில் பண்ணை முழுக்கப் பரவாமல் கொட்டில் கொட்டிலாக நகர்ந்திருக்கிறது. அதோடு ஓட்டல் சாப்பாடு. ஆனால் கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முடியாது. எரிசிபெலஸ் போன்ற பாக்டீரியா நோய்களிலும் தோல் இப்படிச் சிவக்கும். ஆகவே சந்தேகம் என்பதற்கு மேல் நான் போகவில்லை.

ஒருவேளை அதுதான் என்று வைத்துக்கொண்டால், உள்ளே நடந்தது இது. இந்த வைரஸ் பெரியது. 1,70,000 முதல் 1,90,000க்கு மேல் வரை எழுத்துள்ள டிஎன்ஏ, 150க்கும் அதிகமான புரதங்கள். இது குறிவைப்பது மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுவை, அதாவது கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய செல்லையே. உள்ளே நுழைந்த சில மணி நேரத்தில் பி30 என்ற புரதம் தயாராகிவிடும். வைரஸின் டிஎன்ஏ நகலெடுக்கப்பட்ட பிறகு பி72 வரும். அதுதான் ஓடு, வைரஸ் துகளின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. ஒரு நாளுக்குள் புதுத் துகள்கள் வெளியே வரத் தொடங்கும்.

நடுவில் செல் சும்மா இருப்பதில்லை. எனக்குத் தொற்று வந்துவிட்டது என்று இன்டர்ஃபெரான் மூலம் அக்கம்பக்கத்துக்குச் சொல்லப் பார்க்கும். எம்ஜிஎஃப் 360, எம்ஜிஎஃப் 505 என்ற புரதக் குடும்பங்கள் அதை அமுக்கிவிடும். அதுவும் முடியாவிட்டால் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளப் பார்க்கும். ஏ179எல் என்ற புரதம், வைரஸ் தன் வேலையை முடிக்கும்வரை அந்தச் சாவைத் தள்ளிப்போடும். ஏ238எல் அழற்சிக்கான கட்டளைகளைக் குழப்பும். செல்லின் வெளிப்பக்கத்தில் சிடி2வி என்ற புரதம் முளைக்கும். அதில் சிவப்பணுக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். வைரஸ் துகள்களும் சிவப்பணுக்களில் ஒட்டியபடியேதான் ரத்தத்தில் பெருமளவு சுற்றுகின்றன. இந்த நோயில் ரத்தம் ஒரு சொட்டுகூடப் பெரும் ஆபத்து என்று நாங்கள் கத்துவது இதனால்தான். செத்த பன்றியை ஊரார் யாராவது கறிக்காக அறுத்தால், அந்த இடம் முழுக்க வைரஸ்.

தொற்றிய மேக்ரோபேஜ்கள் கொட்டும் ரசாயனங்களால், தொற்றே ஏறாத நிணநீர் வெள்ளணுக்களும் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. ரத்தநாளங்கள் பழுதாகி உள்ளே ரத்தம் கசிகிறது. நீங்கள் பார்த்த நீலம் பாய்ந்த காது அதன் கடைசிக் கட்டம்.

இவ்வளவும் நடக்கும்போது ஆன்டிபாடி பூஜ்யம். ஆனால் வைரஸின் டிஎன்ஏ ரத்தத்தில் நிறைய இருக்கும். பி72ஐ உண்டாக்கும் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை, காய்ச்சல் ஏறிய நாளிலேயே அதைப் பிடித்துவிடும். உங்களுக்கு வேண்டியது அந்தச் சோதனை. கூடவே சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கான பிசிஆரும். ரத்தம் உறைந்தபின் பிரியும் சீரம் போதாது. காய்ச்சல் உள்ள பன்றியிலிருந்து, ரத்தம் உறையாமல் வைக்கும் இடிடிஏ குழாயில் முழு ரத்தம் எடுக்க வேண்டும். செத்தது கிடைத்தால் மண்ணீரல், நிணநீர்க் கணு, ஐஸ் பெட்டியில். இவற்றை எடுப்பது அரசு மருத்துவரின் வேலை, உங்கள் வேலை இல்லை. நீங்கள் கத்தியைத் தொடாதீர்கள்.

தடுப்பூசி தோற்றதா?

இல்லை. அது சாதாரணப் பன்றிக் காய்ச்சலின் ஈ2வை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்த தடுப்பூசி. பி72, சிடி2வி பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மருந்தகத்தில் போட்டது போலி என்று ஊரில் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நீங்கள் பரப்ப வேண்டாம். உங்கள் ரிப்போர்ட்டே அதற்கு எதிரான சாட்சி.

மருந்து விற்பவர் தருவதாகச் சொல்லும் வெளிநாட்டு ஊசிக்கு வருவோம். வியட்நாமில் 2023இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பூசிகளுக்கு உள்நாட்டு அனுமதி கொடுத்தார்கள் என்பது உண்மை. ஐ177எல் என்ற மரபணுவை நீக்கி வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் ஒன்று. எம்ஜிஎஃப் மரபணுக்களை நீக்கியது இன்னொன்று. இந்தியாவில் இவற்றுக்கு அனுமதி இல்லை. யாரோ பையில் போட்டு எடுத்துவந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று உங்களாலும் என்னாலும் சொல்ல முடியாது. சீனாவில் 2021 வாக்கில், எம்ஜிஎஃப் 360, சிடி2வி மரபணுக்கள் இல்லாத வைரஸ் வகைகள் பண்ணைகளில் கண்டுபிடிக்கப்பட்டன. அனுமதியில்லாத தடுப்பூசியிலிருந்து வந்தவை என்று பலமான சந்தேகம். அவை பன்றியைச் சட்டென்று கொல்லவில்லை. மாறாக மெலிவு, மூட்டு வீக்கம், குட்டி கலைவது என்று இழுத்தடித்தன, கண்டுபிடிப்பதும் கடினமானது. ஏற்கெனவே தொற்று உள்ள பண்ணையில் இதைப் போடுவதால் யாருக்கும் லாபம் இல்லை, விற்பவரைத் தவிர.

கொன்ற வைரஸை வைத்து ஏன் நல்ல தடுப்பூசி வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இந்த வைரஸுக்கு எதிராகப் பன்றி உண்டாக்கும் ஆன்டிபாடிகள் வைரஸை முழுதாக முடக்குவதில்லை. ஆன்டிபாடி இருக்கும்போதே வைரஸும் இருக்கும். அதனால்தான் கொன்ற வைரஸ் தடுப்பூசிகள் திரும்பத் திரும்பத் தோற்றன.

எழுந்து நிற்கும் நான்கு பன்றிகள்

"எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம், வச்சிக்கோ" என்று உங்கள் சித்தப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசை எனக்குப் புரிகிறது. இத்தனை சாவுக்கு நடுவில் எழுந்து நின்ற பன்றியை வெட்ட யாருக்கும் மனசு வராது.

இன்றைக்கு அந்த நான்கின் ரத்தத்தை எடுத்தால் ஆன்டிபாடி பாசிட்டிவ் வரக்கூடும். ஆப்பிரிக்கக் காய்ச்சலில் அதன் பொருள், வைரஸ் இங்கே வந்தது என்பதற்கு உறுதியான சாட்சி என்பதுதான். தடுப்பூசி அந்த ஆன்டிபாடியைக் கொடுத்திருக்க முடியாது. பிழைத்த பன்றிகளின் ரத்தத்திலும் திசுக்களிலும் வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் வைரஸைக் கண்டிருக்கிறார்கள். அவை எவ்வளவு காலம் பரப்பும் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அந்த விவாதம் முடியும்வரை உங்கள் பண்ணையைப் பணயம் வைக்க முடியாது.

சாதாரணப் பன்றிக் காய்ச்சல் என்றே வந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. சினையில் இருக்கும்போது தொற்று ஏற்பட்ட குட்டிகள் சில, பார்க்க நன்றாகவே பிறக்கும். வைரஸைத் தன் உடம்பின் ஒரு பகுதி என்றே அவற்றின் எதிர்ப்பு மண்டலம் எடுத்துக்கொள்வதால் ஆன்டிபாடி இருக்காது. மாதக்கணக்கில் வைரஸைக் கழித்துக்கொண்டே இருக்கும். இங்கேயும் ஆன்டிபாடி நெகட்டிவ் என்ற ரிப்போர்ட் உங்களை ஏமாற்றும், கவனித்தீர்களா? பிசிஆர் முடிவு வரும்வரை அந்த நான்கையும் தனிக் கொட்டிலில் வையுங்கள். அவற்றுக்குத் தனி வாளி வேண்டும், அவற்றைக் கடைசியாகக் கவனிக்க வேண்டும்.

விற்றால் என்ன, சொன்னால் என்ன

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பட்டியலில் இந்த இரண்டு காய்ச்சலும் இருக்கின்றன. பட்டியல் நோய் என்று சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. தெரிந்தே நோயுள்ள மந்தையிலிருந்து விற்பதும், செத்த பிராணியை நீர்நிலையில் போடுவதும் தண்டனைக்குரியவை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வியாபாரி பாதி விலை கேட்பதன் காரணமே அவருக்கு இது தெரியும் என்பதுதான். நம் பகுதி எல்லை எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பாகூர்ப் பக்கம் ஒரு சாலையில் போனாலே தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். ராத்திரி ஒரு வண்டியில் ஏற்றினால் விடிவதற்குள் இரண்டு நிர்வாகங்களுக்கும் நோய் போய்விடும். பிறகு பின்னோக்கித் தேடிக்கொண்டு வரும்போது நிற்பது உங்கள் வாசலில்தான்.

சொன்னால் நடப்பது: உங்கள் பகுதிக் கால்நடை உதவி மருத்துவரிடமோ, கடலூர் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் சொல்லலாம். மாதிரி அரசு வழியாகப் பரிசோதனைக்குப் போகும். ஆப்பிரிக்கக் காய்ச்சலை உறுதி செய்வதில் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் தேசிய நிறுவனம்தான் முதன்மையானது. 2020இல் அசாம், அருணாச்சலத்தில் இந்த நோய் நாட்டுக்குள் நுழைந்ததை உறுதி செய்ததும் அதுதான். 2022இல் வயநாடு, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் என்று நம் பக்கம் வந்துவிட்டது. ஆகவே இங்கெல்லாம் வராது என்று இருக்க முடியாது.

சாதாரணக் காய்ச்சல் என்று வந்தால் மந்தையை ஒட்டுமொத்தமாக அழிப்பது வழக்கம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் தடுப்பூசி போடுவார்கள். ஆப்பிரிக்கக் காய்ச்சல் என்றால் உங்கள் பண்ணையை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவு நோய்ப் பகுதி, பத்து கிலோமீட்டர் கண்காணிப்புப் பகுதி என்று அறிவிப்பார்கள். நோய்ப் பகுதியில் பன்றிகளை அழிப்பார்கள். ஆமாம், அந்த 31உம் போகும். இதை மென்று விழுங்கிச் சொல்லிப் பயன் இல்லை.

ஆனால் கையை விரிப்பதில்லை. அழிக்கப்படும் பன்றிக்கு எடைப் பிரிவு வாரியாக இழப்பீடு உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ளும் தொகை. சந்தை விலைக்கு ஈடாக இருக்காது, அன்றே கைக்கும் வராது. முக்கியமானது இது: இழப்பீடு, அழிக்கப்படும் பன்றிக்குத்தான். அதற்கு முன் நோயில் செத்ததற்கு எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் இழப்பீடு கிடைக்கக்கூடிய பன்றி ஒன்று கிடைக்காத பட்டியலுக்குப் போகிறது. ஆகவே பணக் கணக்கு மட்டும் போட்டாலும் இன்றைக்கே சொல்வதுதான் உங்களுக்கு நல்லது.

ஓடையில் போட்ட இரண்டையும் மறைக்காதீர்கள். மருத்துவர் வந்ததும் இடத்தைக் காட்டுங்கள். வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு வரும் காட்டுப்பன்றிகள் அந்த உடல்களைத் தின்றால், நோய் காட்டுக்குள் போய்விடும். அதன்பிறகு எந்தச் சட்டத்தாலும் அதை வெளியே எடுக்க முடியாது. பதற்றத்தில் செய்துவிட்டுப் பிறகு தானாக வந்து சொன்னவரையும், வேறு யாரோ பிடித்துக்கொடுத்தவரையும் அதிகாரிகள் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

வங்கிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தவணை தவறுவதற்கு முன்பே. பிரேதப் பரிசோதனைச் சான்று, ஆய்வக முடிவு, அழிப்பு நடந்தால் அதன் பதிவு ஆகியவற்றின் நகல் கேட்டு வாங்குங்கள். காப்பீடு இருந்தால், காதில் மாட்டிய தோட்டின் எண் பாலிசியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். செத்த பன்றிகளின் தோட்டை மருத்துவர் வரும்வரை கழற்ற வேண்டாம்.

பிள்ளைகள்

இந்த இரண்டு வைரஸும் மனிதருக்குத் தொற்றாது. தொட்டாலும், தெரியாமல் கறி தின்றிருந்தாலும் தொற்றாது. 2009இல் உலகத்தையே பயமுறுத்திய பன்றிக் காய்ச்சல், எச்1என்1 இன்ஃப்ளூயன்சா என்ற வேறு வைரஸ். உங்கள் பெண்ணைப் பள்ளியில் தனியே உட்கார வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பத்தியைத் தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் உங்கள் மருந்தக டாக்டரையே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்.

பன்றி வளர்ப்பவர்கள் நம் மாவட்டத்தில் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட வேண்டியது வேறொன்று: ஜப்பானிய மூளைக் காய்ச்சல். வயலில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அந்த வைரஸைப் பன்றியிடமிருந்து மனிதருக்குக் கொண்டுவரும். விருத்தாசலம் பக்கமெல்லாம் பழைய நோய் அது. சினைப்பன்றி குட்டி கலைப்பதைத் தவிர, பன்றிக்கு வெளியே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையைப் பாருங்கள். ராத்திரி கொசுவலை கட்டுங்கள்.

டாக்டர் வரும்வரை

கொட்டிலுக்கு ஒரே ஆள் போகட்டும், நீங்களோ மனைவியோ. கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு, தனித் துணி. வாசலில் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் தொட்டி வையுங்கள். முதலில் சாணத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு மருந்தடித்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். அழுக்கின் மேல் அடித்தால் வேலை செய்யாது. தரைக்கும் குழிக்கும் புதிதாக நீர்த்த சுண்ணாம்பு நல்லது. காரத்தன்மை மிக அதிகமானால் இந்த வைரஸ் தாங்காது. இனி சாகும் பன்றியை டாக்டர் சொல்லும் இடத்தில் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி. உங்களிடம் வேலை செய்யும் பெரியவர் தன் வீட்டிலும் இரண்டு பன்றி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சம்பளத்தோடு அவருக்கு லீவு கொடுங்கள். சிரமம்தான், ஆனால் அவரைத் தினமும் வரவழைத்தால் அவருடைய இரண்டும் போய்விடும்.

தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் உள்ளவனுக்கு இந்த நேரத்தில் வராதுதான். முதலில் மனைவியிடம் முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். ஓடை விஷயம் அவருக்குத் தெரியாது என்று படித்தபோது, பன்றிகளைவிட அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

இந்தத் தொழிலில் மறுபடி இறங்கலாமா என்ற கேள்விக்கு: இறங்கலாம். அரசு தடையை நீக்கிய பிறகு, மூன்று நான்கு பன்றிகளை மட்டும் முதலில் விட்டு, எல்லாக் கொட்டிலிலும் மாற்றி மாற்றி அடைத்து ஆறு வாரம் பாருங்கள். ஒன்றும் ஆகாவிட்டால் மீதியை வாங்குங்கள். குட்டி வாங்கும் இடத்தைப் பற்றி சந்தேகம் இருந்தால் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். எல்லை தாண்டி இருக்கிறது என்று தயங்க வேண்டாம். ஓட்டல் சாப்பாட்டை விட்டுவிடுவது நல்லது. அதில் ஒரு துண்டுப் பன்றிக்கறி வந்தாலே போதும். உறைந்த கறியிலும் உப்புக்கறியிலும் இந்த வைரஸ் நீண்ட காலம் உயிரோடு இருக்கும். விட முடியாது என்றால் 90 டிகிரியில், விடாமல் கிளறியபடி, முழுதாக ஒரு மணி நேரம் வேக வைக்க வேண்டும். அதற்காகும் விறகையும் ஆள் கூலியையும் தவிடு, மக்காச்சோள விலையோடு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் பண்ணை அளவுக்கு எது மலிவு என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.